நாலாவது இறக்கை

பூச்சியக்காவுக்கு வாழ்நாளிலேயே பெரிய கோபம் வந்த அன்று அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். பாதி முகம் மரத்துப்போய், கீழுதடு வேறு யாருடையதோ போலத் தொங்கியது. பல் டாக்டர் பள்ளத்தில் பஞ்சைத் திணித்து, "நல்லா கடிச்சுக்குங்க. ஒரு மணி நேரம் பேசக் கூடாது, துப்பக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். துப்பக் கூடாதாம்! தன் மேசையைப் பார்த்ததும் அவளுக்குச் செய்யத் தோன்றியது அது ஒன்றுதான். அதுவும் தரையில் அல்ல.

மேசைக்குப் பக்கத்தில் தம்பி நின்றிருந்தான், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு. விரல் நுனியெல்லாம் நீலம்.

"பதறாதேக்கா. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்" என்றான்.

இந்தச் 'சரி பண்ணிட்டேன்' காதில் விழுந்தாலே எது கெட்டுப்போனது என்று பூச்சியக்கா தேட ஆரம்பித்துவிடுவாள். சின்ன வயதில் சைக்கிளோடு விழுந்து, அதன் கம்பியில் ஒரு கீறலோடு வந்தாள். முதன்முதலாகத் தனியாக ஓட்டிய நாள் என்பதால் அந்தக் கீறல் அப்படியே இருக்கட்டும் என்றாள். மறுநாள் பார்த்தால் தம்பி பெயிண்ட் அடித்து மொத்த சைக்கிளும் சிவப்பு. பிறகு, கல்லூரி லேபில் வேலை பார்த்த ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, மரியாதைக்காக முதலில் தம்பியிடம் கேட்டார். "அவர் உனக்குச் சரிப்பட மாட்டார்க்கா. நீ சங்கடப்படுவேன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன்" என்று அவன் இவளிடம் சொன்னது, அந்த மனுஷனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்த பிறகு. அதையும் விழுங்கினாள். பாசக்காரத் தம்பி என்று தெருவே சொல்கிறது. பாசத்தின் மேல் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

பூச்சியக்கா என்பதும் தெரு வைத்த பெயர்தான். அருங்காட்சியகத்தின் பழைய பூச்சிகளுக்கு உதிர்ந்த காலை ஒட்டுவது, பூஞ்சையைத் துடைப்பது, ஊசி மாற்றுவது அவள் தொழில். அங்கே வேலை செய்யும் அறையின் கூரை ஒழுக ஆரம்பித்ததிலிருந்து பெட்டிகள் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தன. தம்பி கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். பின்கட்டுக் கொட்டகை அவன் பட்டறை. அப்பா விட்டுப்போன வீட்டில் முன்னறை அக்காவுக்கு, மற்றதெல்லாம் தம்பி குடும்பத்துக்கு. முன்னறையில் அந்த மேசை இல்லையென்றால் அவள் தம்பி வீட்டில் ஒண்டியிருக்கும் அக்கா. மேசை இருந்ததால் அவளும் ஓர் ஆள். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த வித்தியாசத்தில்தான் அவள் உயிரோடிருந்தாள்.

இப்போது மேசைமேல் இருந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வண்ணத்துப்பூச்சி. அந்த இனத்துக்கு முதன்முதலாகப் பெயர் வைத்தவர் கையில் வைத்திருந்த அதே பூச்சி. அந்த இனத்தில் பெண் வெறும் பழுப்பு, ஆணுக்குத்தான் நீலம். ஆண் என்று சொல்ல உலகத்தில் மிஞ்சியது இது ஒன்றுதான். அது பறந்த மலையை ஜல்லிக்காக உடைத்துத் தின்றுவிட்டார்கள். பூச்சிப் பிரிவு மேடம் பெட்டியை மடியிலேயே வைத்து வண்டியில் கொண்டுவந்து இறக்கி, "உங்களை நம்பித்தான் வெளியே எடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பூச்சியின் வயிற்றிலிருந்து எண்ணெய் கசிந்து, இறக்கைக்குப் பரவி, நீலம் அழுக்கேறிக் கிடந்தது. பழைய பூச்சிகளுக்கு வரும் வியாதிதான், வைத்தியமும் உண்டு. ஸ்பிரிட்டில் ஊறவைத்து எண்ணெயை இறக்க வேண்டும். பிறகு கண்ணாடி மூடிக்குள் வைத்து மெதுவாகக் காயவிட வேண்டும். அவசரப்பட்டுக் காய வைத்தால் இறக்கை சுருளும். காலையில் அவள் அதைத்தான் செய்தாள். மூடியை மூடிவிட்டு, பல்வலி உயிரை எடுத்ததால் டாக்டரிடம் ஓடினாள். முன்னறைக் கதவுக்குப் பூட்டு கிடையாது. சொந்த வீட்டில் எதற்குப் பூட்டு என்று தம்பிதான் ஒருமுறை சொல்லியிருந்தான்.

ஈரத்தில் அந்த நீலம் நீலமாக இருக்காது, பச்சையாகிவிடும். ஏனென்றால் அந்த இறக்கையில் நீலச் சாயம் என்று ஒரு சொட்டுகூடக் கிடையாது. இடித்துப் பொடி செய்தால் பழுப்புத் தூள்தான் கிடைக்கும். ஒவ்வொரு செதிலிலும் கண்ணுக்குத் தெரியாத அடுக்குகள், அலமாரித் தட்டுகள் மாதிரி. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே காற்று. உள்ளே போகும் வெளிச்சத்தில் நீலம் மட்டும் தட்டுக்குத் தட்டு பலம் சேர்ந்து வெளியே வரும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பிரிட் புகுந்தால் அளவு மாறிப் பச்சை வரும். ஸ்பிரிட் பறந்ததும் நீலம் தானாகத் திரும்பிவிடும். யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் தம்பியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "சாயம் இல்லாம கலரா? காதுல பூ சுத்தாதேக்கா" என்பான். அவன் கொட்டகையில் அடுக்கியிருக்கும், முத்துப் போல மினுங்கும் பேர்ல் பெயிண்ட்டும் பாதிக்குப் பாதி இதே சங்கதிதான். கண்ணாடி மாதிரி அபிரகத் துகள், அதன்மேல் மெல்லிசாக ஒரு பூச்சு. பூச்சின் கனத்தைப் பொறுத்து நிறம். இதையும் சொன்னாள். "அதெல்லாம் கம்பெனிக்காரன் பாத்துப்பான்" என்று இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான்.

இன்று அவன்தான் பேசினான், அவள் பஞ்சைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"உன் டார்ச்சை எடுக்கலாம்னு வந்தேன். பாத்தா பச்சைப் பசேல்னு கிடக்குது, பாசி புடிச்ச மாதிரி! எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. போச்சு, அக்கா மருந்தை மாத்தி ஊத்திட்டா, சாயங்காலம் டிரைவர் வந்து நிப்பான், அந்த மேடம் விடுவாங்களான்னு நெஞ்சே அடைச்சிருச்சு. அப்புறம்தான் நான் எதுக்கு இருக்கேன்னு தோணுச்சு. நீ செவத்துல ஒட்டியிருக்கியே வேற ஒரு நீலப் பூச்சி போட்டோ, அதை வச்சுக் கலர் எடுத்தேன். மூணு பேர்ல் பெயிண்ட், அடியில துளி வெள்ளி. சின்ன ஸ்பிரே கன்னுல காத்தைக் குறைச்சு, மூச்சை அடக்கிக்கிட்டு அடிச்சேன்க்கா. ஓரத்துக் கறுப்பு மேல ஒரு புள்ளி தெறிச்சிருக்கா, பாரு!"

தெறிக்கவில்லைதான். அந்த விஷயத்தில் அவனை ஒன்றும் சொல்ல முடியாது. பூச்சியின் உடம்பை மாஸ்கிங் டேப் வெட்டி மறைத்திருக்கிறான். டேப்பை உரித்தபோது முதுகு ரோமம் மொத்தமும் கூடவே வந்துவிட்டது. அதை அவன் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள்.

"மேல ரெண்டு கோட் கிளியர் வார்னிஷ், ஹார்டனர் கலந்தது. லாம்ப்புல வாட்டி எடுத்துட்டேன். இனி நூறு வருஷமானாலும் போகாது" என்று முடித்தான்.

அதுதானே வயிற்றெரிச்சல்! சாதாரண பெயிண்ட்டாக இருந்தால் தின்னரில் கரைத்துக் கொஞ்சமாவது மீட்கலாம். ஹார்டனர் போட்டது இறுகிவிட்டால் எதற்கும் கரையாது. காற்று இருந்த இடத்திலெல்லாம் இப்போது கெட்டிப் பசை. இனி இந்தப் பூச்சியின் நீலம் திரும்பப் போவதில்லை. காய்ந்தாலும் இல்லை, கழுவினாலும் இல்லை. அவள் ஊசியைப் பிடித்துப் பூச்சியைச் சாய்த்துப் பார்த்தாள். உண்மையான நீலம் சாய்க்கச் சாய்க்க ஊதாவுக்கு ஓடி, ஒரு கோணத்தில் அணைந்து, திருப்பினால் முகத்தில் அடிக்கிற மாதிரி மறுபடி பற்றிக்கொள்ளும். இது எந்தப் பக்கம் சாய்த்தாலும் பளபளவென்று சிரித்துக்கொண்டே இருந்தது. கார்க் கதவேதான்.

பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் கசிந்து பஞ்சு உப்புக் கரித்தது. கடித்தாள். இன்னும் அழுத்திக் கடித்தாள்.

தம்பி மனைவி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். நல்லவள்தான், எந்த நேரத்தில் எதைச் சொல்லக் கூடாதோ அதை அந்த நேரத்தில் சொல்லிவிடுகிற நல்லவள். "அண்ணி, கன்னத்துல வச்சுக்குங்க. உங்க தம்பியைப் பாருங்க, மத்தியானம் சோறுகூடத் தின்னலை. அக்கா அக்கான்னு உயிரை விடுறாரு" என்றாள்.

பூச்சியக்கா ஐஸை வாங்கி மேசைமேல் வைத்தாள். இழுப்பறையைத் திறந்து, பழகுவதற்காக வைத்திருந்த கிழிசல் இறக்கை ஒன்றை எடுத்தாள். எங்கும் கிடைக்கிற, சாதாரண நீலப் பூச்சியின் இறக்கை. அதை வெள்ளைத் தட்டில் வைத்து விளக்கை இழுத்தாள். தம்பியின் சட்டையைப் பிடித்து மேசைப் பக்கம் குனிய வைத்தாள். சொட்டுக் குழாயால் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டாள்.

நீலத்தின் நடுவில் பச்சை பரவியது.

"அய்யய்யோ!" என்று தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூச்சியக்கா மின்விசிறியைப் போட்டாள். மூன்று பேரும் தட்டைப் பார்த்தபடி நின்றார்கள். ஓரத்திலிருந்து பச்சை சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு புள்ளி பச்சை நின்று, அதுவும் போய், முழு இறக்கையும் பழைய நீலத்தில் எரிந்தது.

"ஏங்க! திரும்பி வந்துடுச்சுங்க! தானாவே வந்துடுச்சு!" தம்பி மனைவி கணவனின் தோளை உலுக்கினாள். உலுக்கிய பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கு உறைத்தது. கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

பூச்சியக்கா இறக்கையைப் பார்க்கவில்லை, தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வித்தையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறாள், மேடத்துக்குக் காட்டியிருக்கிறாள், தண்ணீர்க் கேன் போட வந்தவருக்குக்கூடக் காட்டியிருக்கிறாள். நீலம் திரும்பும் நேரத்தில் எல்லோரும் முன்னால் குனிவார்கள். தம்பி பின்னால் நகர்ந்தான். நகக்கண்ணில் இருந்த பெயிண்ட்டை இன்னொரு நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும், அதுவரை இருந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

பஞ்சை வாயிலிருந்து எடுத்துத் தட்டில் போட்டாள்.

"நீ பாத்திருக்கே" என்றாள். வாய் கோணி, எச்சிலும் ரத்தமுமாகத்தான் வந்தது, ஆனால் கேட்டவர்களுக்குப் புரிந்தது.

"எதைக்கா?"

"நீலம் திரும்பினதை. இன்னிக்கு. இங்க. பாத்திருக்கே."

தம்பி தன் மனைவியைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னான். "மூணு இறக்கை முடிச்சிட்டேன்க்கா. நாலாவதுக்கு வரும்போது… மூடியைத் திறந்து வச்சிருந்தேன் இல்லியா, லாம்ப் சூடு வேற. அது காஞ்சு…"

"சொல்லு."

"நீலமாயிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னக்கா? மூணு ஒரு மாதிரி, ஒண்ணு ஒரு மாதிரி இருந்தா பாக்கிறவனுக்குத் தெரிஞ்சிராதா? ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடிச்சா பக்கத்து நல்ல கதவுக்கும் ஒரு கோட் இழுத்து விடுறதுதானே முறை? அப்பத்தானே ரெண்டும் ஒண்ணாத் தெரியும்…"

"கதவாடா அது!"

அந்தச் சத்தத்தில் மேசைமேல் இருந்த ஊசி டப்பா குலுங்கியது. டாக்டர் சொன்ன ஒரு மணி நேரம் ஆகியிருந்ததா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை.

"கதவாடா அது? உன் கொட்டகைல போர்டு எழுதித் தொங்க விட்டிருக்கியே, 'காயாத பெயிண்ட்டைப் பார்த்துச் சண்டைக்கு வராதீர்'னு, அது ஊருக்கு மட்டும்தானா? கார்க்காரன் கலர் வேற மாதிரி இருக்குன்னு கத்தினா, காயட்டும் சார், காஞ்சப்புறம் பேசுவோம்னு டீ வாங்கிக் குடுப்பியே! உன் அக்கா வேலைக்கு மட்டும் அந்தப் பொறுமை வராதா? சரி, தெரியாம மூணை அடிச்சே. தெரியாமத்தான் அடிச்சே, ஒத்துக்கிறேன். நாலாவதைத் தெரிஞ்சு அடிச்சியேடா! அந்த ஒண்ணையாவது விட்டிருந்தா, அந்த நீலம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கிறவனுக்குக் காட்ட ஒரு இறக்கை மிஞ்சியிருக்கும். இந்த உலகத்துல ஒரே ஒரு இறக்கை!"

அவள் பேச்சில் சைக்கிளும் வந்தது. லேப்காரரும் வந்தார். தம்பி மனைவிக்கு லேப்காரர் விஷயம் புதிது. நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். தம்பியின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. எல்லாக் காரியத்தையும் செய்துவிட்டு அழுகையையும் அவனே எடுத்துக்கொண்டால் அவளுக்கு என்ன மிச்சம்?

வாசலில் ஹாரன் அடித்தது. அருங்காட்சியக வண்டி.

தம்பி சட்டென்று உயிர் பெற்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். "அக்கா, இப்ப என் பேச்சைக் கேளு. பெட்டியை மூடிக் குடுத்துடு. நேரா அலமாரிக்குள்ள போயிடும். யாரு தொறந்து பாக்கப் போறா? நீயும் நானும் சொன்னாத்தானே தெரியும்?"

அவன் சொன்னது நிஜம். அந்தப் பெட்டி இரும்பு அலமாரிக்குள் இருட்டில் போய் உட்காரும். மேடம் என்றைக்காவது திறந்து பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம், ஓய்வு பெற்றும் விடலாம். அடுத்த பெட்டி வரும், மேசை இருக்கும். பூச்சியக்கா அதை யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே யோசித்தாள். கை பெட்டியின் மூடிக்குப் போய்விட்டது.

டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா! கொண்டாரும்போது கரிக்கட்டை மாதிரி இருந்துச்சு. இப்ப என்னமா மின்னுது! உங்க கையே கைதான்க்கா" என்றார்.

தம்பி லேசாகச் சிரித்தான். பாராட்டு வாங்குகிற சிரிப்பு. அவனை அறியாமல் வந்த சிரிப்புதான், ஆனால் அவள் பார்த்துவிட்டாள். மூடியிலிருந்து கையை எடுத்து போனை எடுத்தாள்.

"யாருக்குக்கா? வேணாம்க்கா. சரி, குடு, நான் பேசுறேன். தப்பு என்னோடதுதானே, நான் பாத்துக்கிறேன், நீ உள்ள போய்ப் படு."

"போனைத் தொட்டே, விரலை முறிச்சிடுவேன்" என்றாள். இந்தத் தடவை வாய் கோணவே இல்லை.

மேடத்திடம் அவள் நீட்டி முழக்கவில்லை. "மேடம், அந்த ஆண் பூச்சி போச்சு. நான் காய வச்சுட்டு வெளிய போயிருந்தேன். பச்சையா இருக்கேன்னு என் தம்பி கார் பெயிண்ட் அடிச்சுட்டான், மேல ஹார்டனரோட கிளியர். நாலு இறக்கையும். எடுக்க முடியாது. கதவைப் பூட்டாமப் போனது நான்."

தம்பி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். தன் பெயரை அவள் சொல்லிவிடுவாள் என்று அவன் நினைத்திருக்கவில்லை. பழியைத் தானாக ஏற்றுக்கொள்வதாக இருந்தால் அது பெருமை, இன்னொருத்தி வாயிலிருந்து வந்தால் வெறும் குற்றம்.

போனில் மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "டிரைவர்கிட்ட எல்லாப் பெட்டியும் கொடுத்தனுப்பிடுங்க. முடிச்சது, முடிக்காதது எல்லாம்" என்றார். கடைசியாக, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர் போல, "நான் அதைச் சரியா ஒரு போட்டோகூட எடுத்து வைக்கலையே" என்றார்.

பெட்டிகளை டிரைவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போனார். உதவிக்கு வந்த தம்பியை அவள் பார்வையாலேயே வாசலில் நிறுத்தினாள். வண்டி போன பிறகு மேசைமேல் விளக்கும், தட்டில் ஒரு கிழிசல் இறக்கையும், ரத்தப் பஞ்சும், உருகிய ஐஸ் தண்ணீரும்தான் இருந்தன. மேசை இவ்வளவு பெரிதென்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. உட்கார்ந்து, தண்ணீரைத் துடைத்தாள். அழுகை வந்தது. நன்றாக, சத்தம் போட்டு அழுதாள். பல் வலிக்கிறது என்று யாராவது நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும்.

பொழுது சாய்ந்த பிறகும் தம்பி கதவுப் பக்கமே நின்றிருந்தான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"நான் என்ன பண்ணட்டும்க்கா, சொல்லு" என்றான்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், நிஜத்தைச் சொல்லு. மேட்ச் ஆகணும்னு அடிச்சேன்னு சொன்னே. நாலாவது காஞ்சு நீலமானதும், ஐயோ தப்பு பண்ணிட்டோமேன்னு கன்னைக் கீழ வைக்கத் தோணலையா?"

அவன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டான்.

"வச்சேன்க்கா. கீழ வச்சுட்டுக் கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றான். "அவ்வளவு நல்லா இருந்துச்சு. இத்தனை வருஷமாக் கலர் கலக்குறேன், அந்த மாதிரி நீலம் என் கைக்கு வராது. அது பக்கத்துல என்னோட மூணும் சும்மா பெயிண்ட்டாத் தெரிஞ்சுச்சு."

"அதனால?"

"அதனாலதான் அடிச்சேன்."

பூச்சியக்கா எழுந்து வந்து அவன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். பூட்டில்லாத கதவு, சாத்தினாலும் தானாக ஒரு விரல் அகலம் திறந்துகொண்டது. நாற்காலியை இழுத்து முட்டுக் கொடுத்தாள். விடிந்ததும் முதல் வேலையாக, பூட்டுப் போடுகிற ஆளைக் கூப்பிட வேண்டும். நானே போட்டுத் தருகிறேன் அக்கா என்று இவன் கட்டாயம் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். விடக் கூடாது.